ஒரு படி குளிர்ந்தாலே போதும்

1989-ல் அறிமுகமான மாஸ்டா மியாட்டா என்னும் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காருக்கு சூப்பர்சார்ஜர் பூட்டி, காற்றை அழுத்தித் திணித்து அதன் பலத்தைப் பெருக்க விரும்பும் ரசிகர்கள், அதனால் சிலிண்டருக்குள் மிகும் உஷ்ணத்தை உத்தேசித்து ஸ்பார்க் பிளக்கையும் மாற்றுவது அவசியமே என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒரு படி குளிர்ந்த பிளக் நல்லதென்றால் மூன்று படி குளிர்ந்தது மும்மடங்கு நல்லது என்று அவர்கள் தீர்மானித்துவிடுவதைத்தான் கண்டிக்கிறேன்.

நடு மின்முனையைச் சூழ்ந்த வெண்பீங்கான் மூக்கு குட்டையாக இருந்தால் உஷ்ணம் விரைவில் சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்கிவிடும். அதுவே குளிர்ந்த பிளக். அந்த நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே தங்கினால் கரி எரியாமல் படிந்து தீப்பொறி பிசகும். 870-ஐத் தாண்டினாலோ, பொறி பிறக்குமுன்பே கலவை தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனையே உருக்கிவிடக்கூடும். என்ஜிகே நிறுவனத்தின் பிளக்கில் வெப்பப் படியைக் குறிக்கும் எண் ஏற ஏறக் குளிர்ச்சி; சாம்பியன் நிறுவனத்தின் பிளக்கிலோ எண் குறையக் குறையக் குளிர்ச்சி. இதைக் கவனியாமல் வாங்குவது பெரிய அபாயம்.

மிதமான அழுத்தத்துக்கு என்ஜிகே 6-லிருந்து 7-க்குப் போவதும், மின்முனைகளின் இடைவெளியை 1.1 மில்லிமீட்டரிலிருந்து 0.8 அளவுக்குச் சுருக்குவதும் போதுமென்பது என் திடமான அபிப்பிராயம். பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் அப்படியே விடுங்கள், வெளுத்துக் கொப்புளித்திருந்தால், எரிபொருள் கலவையையும் தீப்பொறி நேரத்தையும் சோதித்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.