புதுச்சேரி ஆயி மண்டபம்: அரசு சின்னத்தில் இருக்கும் தண்ணீர்க் கதை

பாரதி பூங்கா நடுவில் இருக்கும் வெள்ளை மண்டபம் முன்னாடி செல்ஃபி எடுத்திருப்பீங்க. புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் இதுதான். ஆனா இது கோயிலும் இல்லை, ராஜா நினைவிடமும் இல்லை. ஊருக்குக் குடிநீர் வந்ததன் நினைவுச் சின்னம்.

யார் இந்த ஆயி?

விஜயநகர காலத்து தேவதாசி என்கிறது செவிவழிக் கதை. விளக்கொளியில் மின்னிய அவர் வீட்டை, கோயில் என நினைத்து அரசர் கும்பிட்டாராம். உண்மை தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொன்னார். ஆயி தானே வீட்டை இடித்து, ஊருக்காகக் குளம் வெட்டினாராம்.

மண்டபம் ஏன் வந்தது?

கடலோர வெள்ளை நகரத்தில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. 19-ஆம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து நீர் கொண்டுவந்தார்கள். அதற்காகக் கட்டிய மண்டபத்துக்கு ஆயி பெயரே நிலைத்தது.

இப்போ இது ஏன் முக்கியம்?

புதுச்சேரி இன்னும் நிலத்தடி நீரைத்தான் பெரிதும் நம்பியிருக்கு. அளவுக்கு மீறி உறிஞ்சினால், கரையோர நிலத்தடியில் கடல்நீர் புகுந்து கிணறு உப்பாகும். மழைநீரைப் பிடித்து நிலத்துக்குள் இறக்குவது குளங்கள்தான்.

பூங்காவை ஒட்டியே சட்டப்பேரவை இருக்கிறது. குளங்களைக் காப்பாற்றாமல், சின்னத்தில் மட்டும் ஆயி மண்டபத்தை வைத்திருந்தால் போதுமா?