434 கோல் போட்டவர்

ஆங்கில லீக் கால்பந்தில் அதிக கோல் போட்டவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஜிம்மி க்ரீவ்ஸ் என்பார்கள், ஆலன் ஷியரர் என்பார்கள். பழைய விஷயங்களில் ஆர்வமுள்ளவர் டிக்ஸி டீன் என்பார். மூன்றும் தவறு. சரியான விடை ஆர்தர் ரௌலி. 619 லீக் ஆட்டங்கள், 434 கோல்கள். இந்தப் பெயரைக் கேள்விப்படாததற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ரௌலி தன் கோல்களில் பெரும்பாலானவற்றைப் போட்டது முதல் டிவிஷனுக்குக் கீழே, பத்திரிகைகள் அதிகம் எட்டிப் பார்க்காத இடங்களில்.

1926இல் உல்வர்ஹாம்ப்டனில் பிறந்தவர். அண்ணன் ஜாக், மான்செஸ்டர் யுனைடெட்டின் நட்சத்திரம். இங்கிலாந்துக்காக 6 முறை ஆடியவர். தம்பிக்குக் கிடைத்தது 'பி' அணியில் ஒரே ஓர் ஆட்டம். போருக்குப் பிறகு வெஸ்ட் ப்ராம்விச் ஆல்பியனில் 24 ஆட்டங்களில் 4 கோல்தான் போட முடிந்தது. அங்கிருந்து ஃபுல்ஹாம், 27 கோல். 1950இல் லெஸ்டர் சிட்டிக்குப் போன பிறகுதான் கணக்கு எகிறியது. 303 ஆட்டங்களில் 251. 1956-57 பருவத்தில் மட்டும் 44; லெஸ்டர் இரண்டாம் டிவிஷனில் முதலிடம். கனத்த உடம்பு, நளினமான ஆட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் இடது காலால் அடித்தால் கோல்கீப்பர் பாடு திண்டாட்டம்தான்.

அவ்வளவு போட்டும் 1958இல் 7,000 பவுனுக்கு விற்றுவிட்டார்கள். வயது 32. வாங்கியது ஷ்ரூஸ்பரி டவுன், வேல்ஸ் எல்லையை ஒட்டிய சிறிய ஊரின் அணி. அந்த ஆண்டுதான் உருவான நான்காம் டிவிஷனில் ஆடியது. ரௌலி அங்கே ஆட்டக்காரர், மேனேஜர் இரண்டும். ஸெவர்ன் நதிக்கரையில் மைதானம். பந்து ஆற்றில் விழுந்தால் எடுத்துவர ஒருவர் பரிசலோடு காத்திருப்பார். முதல் பருவத்திலேயே ரௌலி 38 கோல் போட்டார். அணி மூன்றாம் டிவிஷனுக்கு ஏறியது. 1961 ஏப்ரலில், பிராட்ஃபோர்டில், 380ஆவது கோல். டிக்ஸி டீனின் சாதனை முறிந்தது. அதே பருவத்தில் லீக் கோப்பையில் எவர்ட்டனை வீழ்த்தி அரையிறுதி வரை போனது ஷ்ரூஸ்பரி.

இப்படிப்பட்டவர் ஏன் நான்காம் டிவிஷனுக்குப் போனார் என்று இன்றைய ரசிகருக்குத் தோன்றும். அன்றைய கூலிக் கணக்கைப் பார்த்தால் புரியும். ஆட்டக்காரருக்கு வாரத்துக்கு இவ்வளவுக்கு மேல் தரக் கூடாது என்று லீக் உச்சவரம்பு வைத்திருந்தது. 1958இல் அது 20 பவுன். ஸ்டான்லி மாத்யூஸுக்கும் அதே வரம்புதான். இங்கிலாந்துக்கு ஆடிய டாம் ஃபின்னி குழாய் வேலைத் தொழிலும் நடத்திவந்தார். மேலே போனாலும் பெரிதாக லாபமில்லை, கீழே வந்தாலும் பெரிதாக நஷ்டமில்லை.

இதோடு 'ரிட்டெய்ன் அண்ட் டிரான்ஸ்ஃபர்' என்றொரு விதி. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரை கிளப் பிடித்துவைத்துக்கொள்ளலாம். தமிழாக்கினால் 'வைத்துக்கொள் அல்லது விற்றுவிடு' என்று வரும். மாட்டுச் சந்தையில் பேசுகிற மாதிரி இருக்கிறதே என்றால், மூலமும் அப்படித்தான். நியூகாஸிலை விட்டுப் போக விரும்பிய ஜார்ஜ் ஈஸ்தம் 1960இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்து, கார்க் விற்கப் போனார். வழக்கும் தொடர்ந்தார். 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், பிடித்துவைக்கும் விதி நியாயமற்றது என்று தீர்ப்பளித்தார். அதற்கு முன்பே, 1961 ஜனவரியில், சம்பள உச்சவரம்பு போய்விட்டது. ஃபுல்ஹாமின் ஜானி ஹெயின்ஸுக்கு வாரம் 100 பவுன். ரௌலிக்கு அப்போது 34 வயது.

கீழ் டிவிஷன் கோல்கள்தானே என்று இந்த 434ஐ ஒதுக்குகிறவர்கள் உண்டு. க்ரீவ்ஸ் முதல் டிவிஷனிலேயே போட்ட 357 இதைவிடக் கடினமானது என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் குளிர்காலச் சேற்றில், நனைந்து கனத்த தோல் பந்தோடு, 39 வயதுவரை மேனேஜர் வேலையையும் பார்த்துக்கொண்டு அவர் ஆடியதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்று நான்காம் நிலையில் ஒருவன் 38 கோல் போட்டால் அடுத்த பருவம் அவனை மேலே உள்ள கிளப் கொத்திக்கொண்டு போய்விடும். அங்கே பாதி நாள் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். ரௌலியின் எண்ணை எட்ட ஆளில்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

1965இல் ஆட்டத்தை நிறுத்தினார். ஷெஃபீல்ட் யுனைடெட், சவுத்எண்ட் அணிகளுக்கும் பின்னர் மேனேஜராக இருந்தார். 2002 டிசம்பரில் ஷ்ரூஸ்பரியில் இறந்தபோது வயது 76. அந்த கிளப்புக்காக அவர் போட்ட 152 லீக் கோல்களை இன்னும் யாரும் தாண்டவில்லை.