தேர் வேறு, எஞ்சின் வேறு

மாதிரி ரயில் எஞ்சினின் சக்கரம் வழுக்கினால் எடையைக் குறை என்கிறார் நண்பர். அதற்கு அவர் காட்டும் சாட்சி நம் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் தேர். கனம் கூடினால் நகராது, அவ்வளவுதான் என்கிறார்.

வைகாசி பிரம்மோற்சவத்தில் வடம் பிடித்தவர் எவரும் இப்படிச் சொல்ல மாட்டார். தேரை இழுப்பது தேர்ச் சக்கரமா? தெருவில் ஊன்றிய ஆயிரம் பாதங்கள் அல்லவா! சக்கரம் உருள்கிறது, பிடிப்பு காலில் இருக்கிறது. தேருக்கு எடை சுமை. எஞ்சினுக்கோ, இயங்கு சக்கரத்தின் மேல் விழும் எடைதான் இழுவிசை. உலோகத்தின்மேல் உலோகம் என்றால் அந்த எடையில் ஏறக்குறைய கால் பங்கே இழுக்கக் கிடைக்கும். 400 கிராம் எஞ்சினுக்கு 100 கிராம். எடையைக் குறைத்தால் அதுவும் போச்சு.

ரப்பர் வளையம் போடலாமே என்பது அவருடைய அடுத்த யோசனை. பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் ஏறுவது சக்கரம் வழியாகத்தான். வளையம் மாட்டிய சக்கரம் அதை எடுக்காது. தறி ஓடும் வீட்டில் பட்டுப் பிசிறு வேறு ஒட்டும். அதனால் ஒரு ஜோடி சக்கரத்துக்கு மட்டும் வளையம் போதும். மீதிப் பிடிப்புக்கு எடையைக் கூட்டுங்கள்: தூண்டில் ஈயக்குண்டுகளை இயங்கு சக்கரங்களுக்கு நேர்மேலே சமமாக வையுங்கள். அளவு மீறினால் சக்கரம் வழுக்காமல் நின்று, மோட்டார் கருகும்.

நீலகிரி மலை ரயிலின் கல்லாறு–குன்னூர் ஏற்றத்தில் எடை மட்டும் போதாமல்தான் பல்சக்கரம் வைத்தார்கள். எடையைக் குறைத்து மலையேறிய எஞ்சின் எதுவும் அங்கில்லை.