ஸ்டிரெச்சர் வருகிறது, வழிவிடுங்கள்!



மருத்துவமனையில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் டாக்டர், நர்ஸ் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். ஸ்டிரெச்சர் தள்ளுகிறவரை உங்களில் எத்தனை பேர் சொல்வீர்கள்?

வடசென்னைப் பிள்ளைகளுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையை நன்றாகத் தெரியும். 1782-ல் பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்தை ஒட்டி, 1799-ல் தொடங்கிய வைத்தியசாலை அது. அதனால்தான் பெரியவர்கள் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். எண்ணூர் தொழிற்சாலையில் அடிபட்டவர், திருவொற்றியூர் சாலையில் லாரி மோதியவர் என்று பலரை ஆம்புலன்ஸ் அங்கே கொண்டுவந்து இறக்கும். அதற்குப் பிறகு எக்ஸ்ரே, ஸ்கேன், ஆபரேஷன் தியேட்டர், வார்டு என்று அவர்களை அழைத்துப் போவது யார்? ஸ்டிரெச்சர் ஊழியர்தான்!

'சும்மா தள்ளுவதுதானே' என்று நினைக்காதீர்கள். முதலில் இவர்தான் அந்த நோயாளியா என்று பெயரையும் சீட்டையும் சரிபார்க்க வேண்டும். கட்டிலிலிருந்து மாற்றும்போது சக்கரத்தைப் பூட்ட வேண்டும். இல்லையென்றால் ஸ்டிரெச்சர் நகர்ந்து நோயாளி கீழே விழுவார். சமதரையில் நோயாளியின் கால் முன்னால் இருக்கும்படி தள்ள வேண்டும். அப்போதுதான் தலைமாட்டில் நிற்பவருக்கு அவர் முகம் தெரியும். மூச்சுத் திணறினால் உடனே கவனிக்கலாம். சலைன் பாட்டில் உயரத்தில் இருக்க வேண்டும்; சிறுநீர்ப் பை தாழ்வாகத் தொங்க வேண்டும். "பயப்படாதீங்கம்மா, இதோ வந்துட்டோம்" என்று ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டும். இதுவும் வைத்தியத்தில் ஒரு பகுதிதானே?

இந்த வேலையைத் தாழ்வாக எண்ணுபவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். 1860 அக்டோபரில் நம் சென்னைக் கடற்கரையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை அது ஏற்றிச் சென்றது. பின்னர் ஆயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே போனார்கள். வெள்ளையர்கள் அவர்களைக் 'கூலி' என்று இழிவாக அழைத்தார்கள்.

1899-ல் அங்கே போயர் யுத்தம் மூண்டது. காயம்பட்டவர்களைத் தூக்கிவர, காந்திஜி சுமார் 1,100 இந்தியர்களைத் திரட்டினார். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஸ்ட்ரெச்சரைத் தோளில் சுமந்தபடி சில நாட்கள் 20 முதல் 25 மைல் வரை நடந்தார்கள். 1900 ஜனவரியில் படுகாயமடைந்த வுட்கேட் என்ற ஆங்கிலத் தளபதியைச் சுமந்ததும் அவர்கள்தான். 'கூலி' என்று இகழப்பட்டவர்களின் தோள்கள், இகழ்ந்தவர்களையே தாங்கின!

அரசு மருத்துவமனையில் ஸ்டிரெச்சருக்குக் கட்டணம் கிடையாது. அதற்காகக் கைநீட்டிக் காசு கேட்பது தவறு. யாரோ சிலர் கேட்கிறார்கள் என்று எல்லாரையும் இளக்காரமாகப் பேசுவதும் தவறு. நேர்மையாக உழைப்பவர்களே அந்தப் பேச்சால் அதிகம் வருந்துவார்கள்.

குழந்தைகளே! மருத்துவமனைக்குப் போனால் நடைபாதையில் ஓடிப் பிடித்து விளையாடாதீர்கள். சக்கர நாற்காலியில் ஏறிச் சவாரி செய்யாதீர்கள். உங்கள் தாத்தாவையோ பாட்டியையோ பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவரிடம் "நன்றி அண்ணா", "நன்றி அக்கா" என்று சொல்லுங்கள். நீங்கள் லிப்டில் ஏறிய பிறகு ஸ்டிரெச்சர் வந்தால் இறங்கி இடம் கொடுங்கள். அடுத்த லிப்டுக்கு உங்களால் காத்திருக்க முடியும். அதில் படுத்திருப்பவரால் முடியாமல் போகலாம்.