ஜெனீவாவும் பாலாற்றங்கரையும்

மத அமைப்புகள் உலகக் கொள்கைகளை வகுப்பதில் பங்கேற்கலாமா என்ற கேள்விக்கு, 'கூடாது' என்பதே நம்மில் பலரின் உடனடி விடை. யாரும் வாக்களித்து அனுப்பாத பிரதிநிதிகள் அல்லவா அவர்கள்? ஐயம் நியாயமானதே. ஆயினும் வேலூரோடு தொடர்புடைய ஒரு வரலாறு நம்மைச் சற்று நிதானிக்கச் சொல்கிறது.

ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட உலகத் திருச்சபைகள் மன்றம் 1968இல் கிறிஸ்தவ மருத்துவ ஆணையம் ஒன்றை அமைத்தது. அதன் முதல் இயக்குநர் ஜேம்ஸ் மெக்கில்வ்ரே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நிர்வாகியாக இருந்தவர். ஆணையம் முதலில் அரசுகளுக்கு உபதேசம் செய்யவில்லை. தன் வீட்டையே விசாரித்தது. திருச்சபைகளின் மருத்துவமனைகள் யாருக்குப் பயன்படுகின்றன? தடுத்திருக்கக்கூடிய நோயைக் குணப்படுத்தி, நோய் தந்த அதே சூழலுக்கு மனிதரைத் திருப்பி அனுப்புவது மருத்துவமாகுமா?

வேலூரில் பயின்ற ராஜ் அரோலே, மேபல் அரோலே தம்பதியர் 1970இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் தொடங்கிய பணி இதற்கு ஒரு விடை. அங்கே எழுத்தறியாத கிராமப் பெண்கள் நலப்பணியாளர்களாயினர். 1974இல் ஆணையமும் உலக சுகாதார நிறுவனமும் கூடிப் பேசின. அடுத்த ஆண்டு அந்நிறுவனம் வெளியிட்ட நூலில் ஜாம்கேட் முன்மாதிரிகளுள் ஒன்றாக இடம்பெற்றது. 1978இல் அல்மா-அட்டா மாநாடு ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பை உலகக் கொள்கையாக அறிவித்தது. இதற்குச் சீனத்தின் வெறுங்கால் மருத்துவர்கள் உள்ளிட்ட வேறு காரணங்களும் உண்டு. எனினும் ஆணையத்தின் பங்கை மறுப்பதற்கில்லை.

அந்தச் சொல்லுக்கு மதிப்புத் தந்தது மதத்தின் அதிகாரமன்று, தன்னையே கேள்விக்குட்படுத்திய நேர்மை என்றே நான் கருதுகிறேன்.

அல்மா-அட்டா பிரகடனம் பாதுகாப்பான குடிநீரையும் ஆரம்ப சுகாதாரத்தின் கூறாகச் சேர்த்தது. பாலாற்றங்கரையில் இதைப் படிக்கையில் மனம் கனக்கிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்றது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் இதே சிக்கலுக்காக மீண்டும் தீர்ப்பெழுத நேர்ந்தது.

விரிஞ்சிபுரத்தில் கார்த்திகைக் கடைஞாயிறன்று பிள்ளைவரம் வேண்டிப் பெண்கள் கோயில் தீர்த்தத்தில் நீராடுகின்றனர். ஆம்பூரில் தொழுகைக்கு முன் உளூ, தேவாலயத்தில் ஞானஸ்நானம். மூன்று சமயங்களுக்கும் நீரே வாசல். தத்தம் உண்டியலில் விழும் பணத்துக்கும் ஆற்றில் கலக்கும் கழிவுக்கும் உறவுண்டா என்று இவை தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளட்டும். அதன்பின் உலகச் சபைகளில் சூழலைப் பற்றி அவை பேசினால், 'உங்களை யார் அனுப்பினார்கள்' என்று கேட்க நமக்கு வாய் வராது.