சத்தத்துக்குத் தாழ்ப்பாள், காற்றுக்கு வழி!

இரண்டு நீளப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, முன்னே பாயும் மோட்டார்ப் படகின் கயிற்றைப் பிடித்தபடி, தண்ணீரின் மேல் வழுக்கிச் செல்லும் விளையாட்டைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். நீர்ச்சறுக்கு என்று அதற்குப் பெயர். பார்க்க எவ்வளவு அழகு! ஆனால் சினிமாவில் பின்னணிச் சங்கீதம் ஒரு விஷயத்தை நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது. அதுதான் அந்தப் படகின் இரைச்சல். இந்த வாரம் அந்த இரைச்சலை அடக்கும் வித்தையைப் பற்றிப் பேசுவோம்.

"அந்தப் படகுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். நம் வீட்டு மிக்ஸி போடும் கூச்சலும் அந்தப் படகு போடும் கூச்சலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அடக்கும் வழியும் ஒன்றுதான். அடக்கப் போய் ஆபத்தை விலைக்கு வாங்கும் வழியும் ஒன்றுதான்!

இந்த விளையாட்டு பிறந்த இடம் அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்திலுள்ள பெப்பின் ஏரி. ரால்ஃப் சாமுவெல்சன் என்ற வாலிபர் முதலில் பீப்பாய்ப் பலகைகளைக் கட்டிப் பார்த்தார், மூழ்கினார். பனியில் சறுக்கும் பலகைகளைக் கட்டிப் பார்த்தார், அப்போதும் மூழ்கினார். பிறகு 8 அடி நீளப் பலகைகளை வாங்கி, அம்மாவின் செப்புக் கொப்பரையில் வெந்நீர் வைத்து, நுனியை அதில் ஊறப்போட்டு மேல்நோக்கி வளைத்தாராம். 1922-ம் வருஷம் ஜூலை 2-ந் தேதி, தம் 19-வது பிறந்த நாளுக்கு முந்தின தினம், தண்ணீரின் மேல் நின்றுவிட்டார். அந்த அம்மாள் கொப்பரையைத் திரும்பப் பார்த்தபோது என்ன சொன்னாளோ!

இன்று இந்த விளையாட்டுக்கென்றே படகுகள் செய்கிறார்கள். பெரிய காரில் இருப்பது போன்ற 8 சிலிண்டர் பெட்ரோல் யந்திரம். 300 குதிரைச் சக்திக்கு மேல். ஒரு வகைப் படகில் இந்த யந்திரம் படகின் நட்டநடுவில், ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. பாரம் நடுவில் இருந்தால் படகின் பின்னால் எழும் அலை சிறிதாக இருக்கும், சறுக்குகிறவருக்குச் சுகம். ஆனால் உட்காரும் இடமெல்லாம் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான். விருந்தாளிகளைக் கூடத்தில் உட்கார வைத்து, நடுவில் கிரைண்டரை ஓட விட்டது மாதிரிதான்!

சத்தம் வெறும் தொந்தரவு மட்டுமல்ல. 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்களின் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகிறது. 94 டெசிபெல் என்றால் ஒரே மணிதான். காது கெடுவது ஒரு பக்கம். இன்னொரு பக்கமும் உண்டு. படகை ஓட்டுகிறவர் முன்னே பார்க்க வேண்டும். பின்னால் சறுக்குகிறவரைப் பார்க்க வேறொருவர் இருப்பார். "விழுந்துவிட்டாள், நிறுத்து!" என்று அவர் கத்துவது ஓட்டுகிறவர் காதில் விழாவிட்டால் என்ன ஆவது?

சரி, சத்தம் எப்படி வெளியே வருகிறது? மூன்று வழிகள்.

முதல் வழி சந்து. பெட்டியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு சந்து இருந்தால் போதும். பாக்கி 99 பங்கையும் கோட்டைச் சுவராகக் கட்டினாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் குறையாது. ஆகையால் மூடி உட்காரும் விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும். குக்கருக்குக் காஸ்கெட் போடுகிறோமே, அதே மாதிரி.

இரண்டாவது வழி பெட்டியின் சுவர். லேசான பலகை மத்தளத் தோல் போல் அதிரும். கனமான பொருள் அவ்வளவு சுலபமாக அதிராது. சத்தத்தைத் தடுப்பது கனம்தான். முன்பு ஈயத் தகடு வைத்தார்கள். இப்போது தாதுப் பொடி கலந்த வினைல் விரிப்பு வந்திருக்கிறது. சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ எடை. பலகையில் நேரே ஒட்டாமல், நடுவே மெல்லிய ஸ்பாஞ்சு வைத்து ஒட்டுவார்கள்.

மூன்றாவது வழி படகின் உடம்பு. யந்திரத்தின் நடுக்கம் அதைத் தாங்கும் கட்டைகளில் இறங்கிப் படகு முழுவதும் பரவும். அதற்காக யந்திரத்தை ரப்பர் தாங்கிகளில் நிறுத்துகிறார்கள். ரப்பர் இற்றுப் போயிருந்தாலும், சுழலியைத் திருப்பும் தண்டு நேர்கோட்டில் இல்லாவிட்டாலும், மேலே எதை ஒட்டியும் பிரயோஜனமில்லை. முதலில் அதைச் சரிபார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

பலர் ஸ்பாஞ்சை மட்டும் வாங்கி ஒட்டிவிட்டு ஏமாறுகிறார்கள். முட்டை அட்டையை ஒட்டுகிறவர்களும் உண்டு! ஸ்பாஞ்சு சத்தத்தைக் கொஞ்சம் விழுங்கும், தடுக்காது. இந்த யந்திரம் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது விநாடிக்கு 200 தடவை வெடிக்கிறது. அந்த ஓசையின் ஓர் அலை 1.7 மீட்டர் நீளம். ஓர் அங்குல ஸ்பாஞ்சு அதை என்ன செய்யும்? கீச்சுக் குரல் அடங்கும். அடிவயிற்றில் அதிரும் உறுமல் அடங்காது. அதனால்தான் யந்திரத்தைப் பார்த்த பக்கம் ஸ்பாஞ்சு, அதற்குப் பின்னால் கனமான விரிப்பு என்று இரண்டையும் சேர்த்து வைக்கிறார்கள்.

அந்த ஸ்பாஞ்சும் சாதாரண மெத்தை ஸ்பாஞ்சாக இருக்கக் கூடாது. எண்ணெயும் பெட்ரோலும் ஊறினால் அது விளக்குத் திரிதான்! தீப்பிடித்துப் பரவாத ரகமாக, மேலே ஈரம் ஏறாத மெல்லிய தோல் உள்ளதாக இருக்க வேண்டும். பசையை மட்டும் நம்பாமல் வாஷர் வைத்துத் திருகாணியும் போட வேண்டும். சூட்டில் பசை இளகி, சுழலும் பெல்ட்டின் மேல் விழுந்தால் வம்பு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். சந்தையெல்லாம் அடைக்கச் சொன்னேன் அல்லவா? அந்த உற்சாகத்தில் காற்றுத் துவாரத்தையும் அடைத்துவிடக் கூடாது. 5.7 லிட்டர் யந்திரம் 3000 சுற்றில் முழு வேகமாக இழுத்தால் நிமிஷத்துக்கு 8500 லிட்டர் காற்று வரை குடிக்கும். அது மட்டுமா? பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. கசிந்தால் படகின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சாவியைத் திருப்பும்போது ஒரு பொறி பறந்தால், படகே வெடிகுண்டு! இந்த ஆவியை இழுத்து வெளியேற்ற ஒரு விசிறி உண்டு. யந்திரத்தைக் கிளப்புமுன் அதை 4 நிமிஷம் ஓட விட வேண்டும் என்ற எச்சரிக்கைச் சீட்டு, 1980-க்குப் பிறகு அமெரிக்காவில் செய்த இத்தகைய படகுகளில் சாவிக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

அப்படியானால் காற்றுத் துவாரம் வழியே சத்தமும் வந்துவிடாதா? வரும். அதற்கும் யுக்தி இருக்கிறது. காற்று வரும் குழாயை நேராக வைக்காமல் இரண்டு மூன்று திருப்பங்களோடு வளைத்து, உட்புறம் ஸ்பாஞ்சு வைத்துவிடுகிறார்கள். காற்று வளைந்து வளைந்து போய்விடும். சத்தமோ ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்பாஞ்சில் மோதி இளைத்துப் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சத்தம் குறைந்தால் புகை குறைந்துவிடாது. ஆனால் நம் மனசு, அமைதியாக இருப்பதை ஆபத்தில்லாதது என்று நம்பிவிடுகிறது. யந்திரம் மெதுவாக முனகிக்கொண்டு நிற்கும்போது குழந்தைகள் படகின் பின்பலகையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். புகை வெளிவருவதும் அங்கேதான். அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. 2000-ம் வருஷம் அமெரிக்காவின் பவல் ஏரியில், வீட்டுப் படகு ஒன்றின் பின்னால் நீந்திய 8 வயதும் 11 வயதுமான இரண்டு சகோதரர்கள், ஜெனரேட்டர் புகை பின்பலகையின் அடியில் தேங்கியதால் மாண்டுபோனார்கள். யந்திரம் ஓடும்போது பின்பலகையைப் பிடித்துத் தொங்குவதைக் கலிபோர்னியா மாகாணம் 2005 முதல் சட்டம் போட்டே தடுத்துவிட்டது.

இனி நம் வீட்டுக்கு வாருங்கள். மிக்ஸி அலறுகிறதா? அடியில் கனமான ரப்பர் விரிப்பைப் போடுங்கள். மேடையின் அதிர்வு குறையும். ஆனால் நாலாக மடித்த துணியைத் திணித்து, அடியிலுள்ள காற்றுத் துவாரத்தை மூடிவிடாதீர்கள், மோட்டார் புகைந்துவிடும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் போடுகிறவர்கள், அக்கம்பக்கத்தார் முணுமுணுக்கிறார்களே என்று அதை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தவே சாத்தாதீர்கள். ஜன்னலுக்கு அடியிலும் வேண்டாம். திறந்த வெளியில், வீட்டை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். அக்கம்பக்கத்தார் கோபத்தை ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்துத் தணித்துக்கொள்ளலாம்!