திரை கேட்கும் கேள்வியும் கேட்காமல் விடும் கேள்வியும்

கருத்தரங்குக்காகப் பாரிஸ் செல்லும் இந்திய ஆய்வு மாணவர் ஒருவர் விடுதிக் கட்டணத்துக்குக் கடன் அட்டையை நீட்டுகிறார். இயந்திரத்தின் திரை அவரிடம் கேட்கிறது: யூரோவில் செலுத்துகிறீர்களா, ரூபாயிலா? பழகிய நாணயமாயிற்றே என்று அவர் ரூபாயைத் தொடுகிறார். அந்த நொடியே மாற்று விகிதத்தை நிர்ணயிக்கும் உரிமை விடுதியின் வங்கிக்கோ அதன் இடைத்தரகு நிறுவனத்துக்கோ போய்விடுகிறது. அவர்களின் இலாபம் அந்த விகிதத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். 'டைனமிக் கரன்சி கன்வர்ஷன்' என்பது இந்த ஏற்பாட்டின் பெயர்.

இதைப் பணச் சிக்கலாக மட்டுமே பார்ப்பது போதாது. இது மொழியைக் கொண்டு நடத்தப்படும் சுரண்டல். "யூரோவா, ரூபாயா?" என்னும் வினா, இரண்டும் ஒரே தொகைதான், குறியீடு மட்டுமே வேறு என்ற எண்ணத்தைச் சொல்லாமலே விதைத்துவிடுகிறது. "இவ்வளவு கூடுதலாகத் தரச் சம்மதமா?" என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. அது கேட்கப்படுவதில்லை.

யூரோவைத் தேர்ந்தவருக்கு இழப்பு பெரும்பாலும் குறைவு. ஆனால் இல்லாமல் போவதில்லை. பல இந்தியக் கடன் அட்டைகள் அயல்நாட்டுச் செலவின்மீது 3.5% 'மார்க்கப்' விதிக்கின்றன. அந்தக் கட்டணத்தின்மேல் 18% ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 4.13%. ஒரு லட்சம் ரூபாய் செலவிட்டால் 4,130 ரூபாய் கூடுதல். உதவித்தொகையில் வாழும் ஆய்வாளருக்கு இது சிறு தொகையன்று. ரூபாயைத் தேர்ந்தவரும் வங்கியிடமிருந்து தப்புவதில்லை. அதற்கும் தனிக் கட்டணம் வசூலிக்கும் வங்கிகள் பல.

"கட்டண அட்டவணை இணையதளத்தில் இருக்கிறது, படிக்காதது வாடிக்கையாளரின் குற்றம்" என்பது வழக்கமான விடை. சட்ட ஆங்கிலத்தில், பல பக்க ஆவணத்தின் நடுவே வைக்கப்பட்ட ஒரு வரி எவ்வாறு அறிவிப்பாகும்? புரியாத மொழியில் பெற்ற சம்மதம் சம்மதமே அன்று.

ஒப்புதலின் முக்கியத்துவத்தை ரிசர்வ் வங்கி அறியாததன்று. புதிய அட்டைகள் இந்தியாவுக்குள் மட்டுமே இயங்க வேண்டும், அயல்நாட்டுப் பயன்பாட்டை அட்டைதாரரே கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும் என்று 2020 ஜனவரியில் அது ஆணையிட்டது. கதவைத் திறக்க ஒப்புதல் கேட்கிறார்கள். உள்ளே காத்திருக்கும் செலவைச் சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ, தன் உறுப்பு நாட்டு நாணயங்களுக்கிடையே நிகழும் மாற்றத்தில், ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை விழுக்காடு கூடுதல் என்பதைப் பணம் செலுத்துமுன்பே காட்ட வேண்டும் என்று 2019இல் சட்டம் இயற்றியது. 2020 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் உள்ளது.

பாரிஸ் விடுதியின் திரையை ரிசர்வ் வங்கியால் மாற்ற இயலாது. இந்திய வங்கிச் செயலியின் திரையை மாற்ற இயலும். அயல்நாட்டுப் பயன்பாட்டைத் திறக்கும் இடத்திலேயே, அட்டைதாரர் தேர்ந்த இந்திய மொழியில், "பத்தாயிரம் ரூபாய் செலவிட்டால் 413 ரூபாய் கூடுதலாகப் பிடிப்போம், கடையில் ரூபாயைத் தேர்ந்தால் இழப்பு இன்னும் கூடலாம்" என்று எழுதச் செய்யட்டும். இரண்டு வாக்கியங்கள் போதும். அவற்றை எழுத வங்கிகள் ஏன் தயங்குகின்றன என்பதைக் கல்விப்புலம் உரக்கக் கேட்க வேண்டும்.